நாற்பத்தேழு வெள்ளைத் தாள்கள்

சண்முகவடிவு ஏட்டம்மாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாமல் போய் எழுபது நாளாகிவிட்டது. முன்னெல்லாம் அப்படிப்பட்டவள் இல்லை. சங்குமேடு உட்கோட்டத்து டி.எஸ்.பி. ஆபீஸில், மனு வாங்கும் மேசைக்குப் பின்னால் பதினோரு வருஷம் அசையாமல் இருந்தவள். இப்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் இரண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி, உப்பு லாரிகள் போகிற ரோட்டில் யாரோ துரத்துகிற வேகத்தில் நடக்கிறாள். நடக்கும்போது வலது கை ஆள்காட்டி விரல் சும்மா இருப்பதில்லை. காக்கிச் சட்டையின் ஓரத்தில் எதையோ எழுதிக்கொண்டே வருகிறது. என்ன எழுதுகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ‘எனக்கு மேல் விசாரணை தேவையில்லை.’ நாலே நாலு வார்த்தை.

அவளுடைய எழுத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை புரியாது. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வயல்காட்டு ஊர் அவளுக்கு. அப்பாவுக்கு வாழையும் நெல்லும். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் கரும்பலகையில் எழுத வேண்டியதையெல்லாம் இவளை விட்டு எழுதச் சொல்வார்கள். அச்சடித்த மாதிரி இருக்கும். ‘ற’வுக்கு ஒரு வளைவு போடுவாள் பாருங்கள், அதை வேறு யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. இருபத்து மூன்று வயதில் போலீஸில் சேர்ந்து, திருச்செந்தூர்த் திருவிழாவிலும் தலைவர்கள் வருகிற ரோட்டிலும் வருஷக்கணக்கில் வெயிலில் நின்றாள். ஒரு நாள் டூட்டி நோட்டைப் புரட்டிய இன்ஸ்பெக்டர், “இது யாரு எழுத்து” என்று கேட்டார். அதோடு வெயில் முடிந்தது. ஆபீஸுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். அந்த எழுத்து அவளுக்குச் சோறு போட்டது, நிழல் கொடுத்தது, மரியாதை வாங்கித் தந்தது. கடைசியில் அவளைக் காட்டிக்கொடுத்ததும் அதுதான்.

இப்போது ஆபீஸைப் பற்றி. நாலு வருஷத்தில் அந்த நாற்காலிக்கு ஆறு டி.எஸ்.பி. வந்தாகிவிட்டது. ஒருவர் வந்ததும் நாற்காலியைக் கிழக்கே பார்த்துத் திருப்பினார். அடுத்தவர் வடக்கே திருப்பினார். ஒருவர் மனு நாளை வெள்ளிக்கிழமை ஆக்கினார், அடுத்தவர் செவ்வாய் ஆக்கினார், பாவம் ஜனங்கள் தப்பான நாளில் வந்து திரும்பிப் போனார்கள். எல்லாரும் வந்த அன்றைக்கு ஒரு மரக்கன்று நட்டார்கள். எல்லாரும் பத்திரிகைக்காரர்களிடம், “பொதுமக்கள் எந்த நேரமும் என்னை அணுகலாம்” என்று சொன்னார்கள். அணுகுவதற்குள் ஆள் மாறிவிடும். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியது வடிவுதான். ஆறில் நாலு பிழைத்துக்கொண்டன.

போகிற அதிகாரி பொறுப்பை ஒப்படைக்கும்போது ‘பெண்டிங் ஜீரோ’ என்று எழுதிவிட்டுப் போக வேண்டும் என்பது அந்த ஆபீஸின் சம்பிரதாயம். விசாரிக்காமல் கிடக்கிற மனு ஒன்றுகூட இருக்கக்கூடாது. அப்படி எங்கும் உத்தரவு கிடையாது, யாரும் எழுதியும் கொடுக்கவில்லை. ஆனால் மாற்றல் செய்தி காதில் விழுந்த மறுநிமிஷம் ஆபீஸ் வேலைகளைக் கவனிக்கிற சிறப்பு எஸ்.ஐ. செல்லப்பாண்டி வடிவு மேசைக்கு வந்துவிடுவார். “ஏளா வடிவு, ஐயா போறாரு. கெடக்கத முடிச்சிருவோம்.”

முடிப்பது எப்படி? அதற்குத்தான் வெள்ளைத் தாள். மனுக் கொடுக்க வருகிறவர்களிடம் மனுவில் ஒரு கையெழுத்து வாங்குவார்கள். கூடவே ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளில், கீழே ஓரமாக, இன்னொரு கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எதற்கு என்று கேட்டால், “விசாரணைக்கு” என்பார்கள். போலீஸ் ஆபீஸில் வந்து நிற்கிறவன் அதற்கு மேல் என்ன கேட்பான். மாற்றல் வந்தால் அந்தத் தாளை எடுத்து, கையெழுத்துக்கு மேலே உள்ள வெற்றிடத்தில், ‘என் மனு தொடர்பாகத் திருப்தி அடைகிறேன். எனக்கு மேல் விசாரணை தேவையில்லை’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்தால் மனு முடிந்தது. எழுதுவது வடிவு. ஆபீஸிலேயே நல்ல எழுத்து அவளுடையதல்லவா.

இந்த அநியாயம் அவளுக்கு உறைக்கவில்லையா என்று கேட்பீர்கள். முதல் தடவை உறைத்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் தடவை சாப்பிட்டாள். மூன்றாம் தடவை சாப்பிட்டுக்கொண்டே எழுதினாள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அந்த மனுக்களில் ஒன்று ஜெபசுதாவுடையது. ஜெபசுதாவும் புருஷன் சுந்தரராஜும் முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள். அளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஒன்று காணாமல் போக, சுந்தரராஜை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு எஸ்.ஐ. அறைந்த அறையில் இடது காது போய்விட்டது. ஒரு வாரம் கழித்து மோட்டாரும் கிடைத்தது, எடுத்தவனும் கிடைத்தான். காது கிடைக்கவில்லை. அறைந்தவரைக் கூப்பிட்டு ஏன் அறைந்தாய் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஜெபசுதாவின் மனு. ஒவ்வொரு புது டி.எஸ்.பி.யிடமும் கொடுத்தாள். நாலு கொடுத்தாள், நாலும் முடிந்தது. அவளுக்கு எழுத வராது, பெயரை மட்டும் போடுவாள். வடிவு அவளுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, நிதானமாகக் கேட்டு மனுவை எழுதித் தருவாள். மனசார எழுதுவாள். படித்தால் யாருக்கும் கண் கலங்கும். நாலு மாதமோ ஆறு மாதமோ கழித்து அதே கையால் அதை முடித்தும் வைப்பாள்.

ஆறாவதாக வந்தது இந்துமதி என்கிற அம்மா. முப்பத்து மூன்று வயது, வெளி மாவட்டத்துக்காரி. இந்த அம்மா வந்த அன்றைக்கு நாற்காலியைத் திருப்பவில்லை, பழைய கோப்புகளைக் கேட்டது. நாலு நாள் படித்தது. ஐந்தாம் நாள் எல்லாரையும் உள்ளே கூப்பிட்டது. நீள மேசையில் நாற்பத்தேழு தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தது.

“நாற்பத்தேழு தாள்ல திருப்தின்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. மீனவர், உப்பளத்துக்காரர், கடைக்காரர், காலேஜ் பொண்ணு ஒண்ணு. எல்லாருக்கும் ஒரே எழுத்து” என்று சொன்னது அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை. “எழுதினது யாருன்னு நான் இப்போ கேக்கல. எழுதினவங்களே வந்து சொல்லட்டும்.”

ஆபீஸில் பதினாலு பேர். பதினாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். அத்தனை தாளிலும் அந்த ‘ற’ வளைந்து கிடந்தது. வடிவு உட்காராமல் நடக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அவளுக்கு அந்த நேரத்தில் என்ன போய்விடும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இருபத்தைந்து வருஷ சர்வீஸ் முடிய மூன்று மாதம் இருந்தது. முடிந்தால் சிறப்பு எஸ்.ஐ., தோளில் நட்சத்திரம். அந்தப் பட்டியலில் பேர் வர வேண்டுமானால் ஒரு சார்ஜ் மெமோகூட மேலே இருக்கக்கூடாது. ஹார்பரில் எடைமேடையில் வேலை பார்க்கிற அவள் புருஷன் மாரிராஜ், நட்சத்திரத்தை வாங்கியே வந்துவிட்டான். பீரோவில் அவள் கல்யாணப் பட்டின் மேல் சின்ன டப்பியில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுவான்.

செல்லப்பாண்டி அவளை மரக்கன்றுகள் பக்கம் தனியாகக் கூட்டிப்போனார். பக்கத்து ஊர்க்காரர், அவளைவிடப் பதினோரு வயது மூத்தவர். ஓய்வு பெற அவருக்கும் எட்டே மாதம்தான். “ஏளா, வாயத் தொறந்துராத. கேட்டா, அவங்களுக்கு எழுதத் தெரியாது, சொல்லச் சொல்ல எழுதுனேன்னு சொல்லு. எத்தன பேரப் பாத்தாச்சி. இந்த அம்மா என்ன, தையில வந்தது, சித்திரையில போயிரும்.”

“அண்ணாச்சி, அந்தக் காலேஜ் பிள்ளைக்குமா எழுதத் தெரியாது?” என்றாள் வடிவு.

“அத அப்பம் பாத்துக்கிடலாம்.”

வீட்டில் மாரிராஜும் அதையேதான் சொன்னான். “எழுதச் சொன்னவன்லாம் மாத்தலாகி நிம்மதியா இருக்கான். நீ ஏன் கெடந்து துடிக்க? நீ எழுதலன்னா இன்னொருத்தி எழுதியிருப்பா.”

“இன்னொருத்தி எழுதல. நாந்தான எழுதுனேன்” என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்குப் போனாள். வாசலில் ஒரு வேலையும் இல்லை. திரும்ப உள்ளே வந்தாள்.

இடையில் ஜெபசுதா ஐந்தாவது மனுவோடு வந்தாள். அதையும் வடிவுதான் எழுதிக் கொடுத்தாள். இந்துமதி அம்மா அவளை உள்ளே கூப்பிட்டு, பழைய கோப்பிலிருந்து ஒரு தாளைக் காட்டியது. வடிவு கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

“இது உங்க கையெழுத்தாம்மா?”

“என்னதுதாம்மா.”

“மேல எழுதியிருக்கது?”

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. இந்த ஏட்டம்மாவக் கேளுங்க. எனக்குன்னு பாத்துப் பாத்து எழுதித் தாரது அவங்கதான். இந்த ஆபீஸ்ல என்னைய இருன்னு சொல்லுதது இவங்க ஒருத்தங்கதான்.”

அவ்வளவுதான், வடிவு தப்பித்தாள். செல்லப்பாண்டி சொல்லிக்கொடுத்த பதிலுக்குச் சாட்சியே வந்து நின்றுவிட்டது. இந்துமதி அம்மா வடிவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தாளைக் கோப்பில் வைத்தது. வடிவுக்கு வந்திருக்க வேண்டியது நிம்மதி. வந்ததோ வெட்கம். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அப்புறம் நாள் ஓடியது. அந்த நாற்பத்தேழில் நாலு பேருடைய மனுக்களை அந்த அம்மா மறுபடி விசாரிக்க ஆரம்பித்தது. ஜெபசுதாவின் மனுவில், அறைந்த எஸ்.ஐ.க்கு அவர் இப்போது இருக்கிற மாவட்டத்துக்கே சம்மன் போனது. எழுபதாம் நாள் காலையில் மாற்றல் உத்தரவு வந்தது. சித்திரைகூடப் பிறக்கவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, உத்தரவில் ‘நிர்வாக நலன் கருதி’ என்று இருந்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

“நான் விவரமா ஒரு குறிப்பு எழுதி வச்சிட்டுப் போறேன். அடுத்து வர்றவர் பாத்துப்பார்” என்று அந்த அம்மா எல்லாரிடமும் சொன்னது. வடிவுக்குச் சிரிப்பு வந்தது, கசந்த சிரிப்பு. அந்த மாதிரிக் குறிப்புகள் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாதா? இரும்பு அலமாரியின் கீழ்த் தட்டில் அவற்றை வைத்ததே அவள்தானே.

மத்தியானம் செல்லப்பாண்டி வந்தார். கையில் ஜெபசுதாவின் கோப்பு. “மத்தது மூணும் அந்த அம்மாவே முடிச்சிட்டு. இது ஒண்ணுதான் கெடக்கு. எழுதிப்போடு, ஜீரோ ஆயிரும். ரெண்டு வாரத்துல ஒம் பேரு பட்டியல்ல வந்துரும்.”

“வெள்ளத் தாளு இல்லையே அண்ணாச்சி. இந்த அம்மாதான் வாங்கக்கூடாதுன்னு சொல்லிட்டாகளே.”

“நல்லாப் பாரு. நீதான வாங்குன?”

பார்த்தாள். இருந்தது. கோப்பின் கடைசியில், ஒன்றும் எழுதாத ஒரு தாள், கீழே ஓரத்தில் ‘ஜெபசுதா’ என்று கோணலாக ஒரு கையெழுத்து. அந்த நாற்பத்தேழையும் மேசையில் பார்த்து, தூக்கம் கெட்டு, அத்தனைக்கும் பிறகு ஐந்தாவது மனு வாங்கின அன்றைக்கும் அவள் கை பாட்டுக்கு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, “இங்கனயும் ஒண்ணு போடு” என்று சொல்லியிருக்கிறது. வாங்கியதே அவளுக்கு நினைவில்லை. யாரும் சொல்லவில்லை, எந்த ஐயாவும் கேட்கவில்லை. இதை வேறு எவன் தலையிலும் கட்ட முடியாது.

செல்லப்பாண்டி போன பிறகு வடிவு உட்கார்ந்தாள். எழுபது நாளில் முதல் தடவையாக, எழுந்திருக்கத் தோன்றாமல் உட்கார்ந்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். ‘அனுப்புநர்: சண்முகவடிவு, தலைமைக் காவலர்’ என்று ஆரம்பித்தாள். தான் எழுதிய நாற்பத்தேழு தாள்களின் மனு எண், தேதி, அப்போது எந்த அதிகாரி பொறுப்பில் இருந்தார், எழுதச் சொன்னது யார், எல்லாவற்றையும் பதிவேட்டைப் பார்த்து எழுதினாள். செல்லப்பாண்டியின் பெயரையும் எழுதினாள். கடைசியில், ‘எழுதியது நான். இதில் விசாரணை தேவை’ என்று முடித்தாள். ஜெபசுதாவின் வெற்றுத் தாளை இணைப்பாக வைத்து ஊசி குத்தினாள். பிறகு பதிவேட்டில் அடுத்த எண்ணைப் போட்டு, தேதி முத்திரை குத்தி, மற்ற மனுதாரர்களுக்குக் கிழித்துத் தருகிற ரசீதைத் தனக்கும் ஒன்று கிழித்துக்கொண்டாள். எழுத்தில் ஒரு நடுக்கம் இல்லை. சனியன், அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

இந்துமதி அம்மா பெட்டியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தது. நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தது.

“அன்னிக்கே தெரியும்மா எனக்கு. நீங்க சொல்வீங்கன்னு காத்துட்டு இருந்தேன். இப்போ கொடுத்தா நான் என்ன செய்ய முடியும்? சாயங்காலம் நான் இங்க இல்ல.”

“நீங்க இருக்கும்போது குடுக்கத் தைரியம் வரலம்மா. மன்னிச்சிருங்க” என்றாள் வடிவு. “வாங்குனேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும். நம்பர் விழுந்துட்டு. இனிமே இத முடிக்கணும்னா எங்கிட்டதான் எழுதி வாங்கணும்.”

அந்த அம்மா பச்சை மை பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டது. “உங்க ஸ்டார் போயிடும்” என்றது பிறகு. வடிவு தலையை மட்டும் ஆட்டினாள். அது அவளுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் புது டி.எஸ்.பி. வருகிறார் என்று தெரிந்து, ஜெபசுதா எட்டரைக்கே வந்து வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “புது ஐயா வாராராம்லா ஏட்டம்மா. இன்னொண்ணு எழுதித் தாரியளா?”

வடிவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். நாலு மனுவையும் எழுதினது நான், முடித்ததும் நான், நீ போட்ட வெள்ளைத் தாளில் திருப்தி என்று எழுதினது நான். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

ஜெபசுதா ரொம்ப நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். “தண்ணி குடுத்தியளே” என்றாள். எழுந்து போய் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். வடிவுக்கு அந்த எஸ்.ஐ. விட்ட அறை தன் காதிலேயே விழுந்த மாதிரி இருந்தது.

பத்து மணிக்குப் புது ஐயா வந்தார். பூங்கொத்து, சல்யூட், மரக்கன்று, பத்திரிகைக்காரர்கள், எந்த நேரமும் அணுகலாம், எல்லாம் ஆனது. உள்ளே உட்கார்ந்ததும் முதல் கேள்வி வழக்கமானதுதான். “பெண்டிங் எவ்வளவு?”

செல்லப்பாண்டி கோப்பைப் பார்க்காமலே வாயைத் திறந்தார். அதற்குள் வடிவு சொல்லிவிட்டாள். “ரெண்டு இருக்குங்கய்யா.”

“யார் யாரு?”

“ஒண்ணு ஜெபசுதான்னு, வெளிய உக்காந்திருக்காங்க. இன்னொண்ணு நாந்தாங்கய்யா.”

வடிவு நீட்டிய தன் மனுவை ஐயா வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்தில் புருவம் சுருங்கியது, இரண்டாம் பக்கத்தில் பழைய அதிகாரிகள் பெயர்களைப் பார்த்ததும் வேகமாக மூடினார். வந்த முதல் நாளே எவனுக்குத்தான் இது வேண்டியிருக்கும். “சரி, விசாரிப்போம்” என்றார் செல்லப்பாண்டியைப் பார்த்து.

வெளியே வந்ததும் செல்லப்பாண்டிக்கு முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? வடிவின் மேசையில் இருந்த கட்டிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை உருவி, பேனாவோடு அவள் முன்னால் நகர்த்தினார். “ஐயா விசாரிக்கேன்னுட்டாரு. இங்கன கீழ ஒரு கையெழுத்துப் போடு.”

எதிர்ப் பெஞ்சிலிருந்து ஜெபசுதா பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு பேனாவை மூடித் தாளின் மேல் வைத்து, இரண்டையும் அவர் பக்கமே தள்ளினாள்.

“மொதல்ல எழுதிக் குடுங்க அண்ணாச்சி” என்றாள், ஜெபசுதாவுக்கும் கேட்கும்படி. “படிச்சிட்டுப் போடுதேன்.”